ஏரிக்கரையில் ஒரு பெரணி

கடலோர மழைக்காடு என்றால் நியூசிலாந்தும் சிலியும்தான் நினைவுக்கு வரும். ஓயாத தூறல், பாசி படர்ந்த அடிமரங்கள், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பெரணிகள். சோழமண்டலக் கரைக்கும் சொந்தமாக ஒரு காடு உண்டு: உலர் பசுமைமாறாக் காடு.

ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் தொடங்கி டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் மாதக்கணக்கில் வெயில். அப்போதும் இந்த மரங்கள் மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி, காசான் எல்லாவற்றுக்கும் தடித்த, தோல் போன்ற இலை. ஈரம் எளிதில் வெளியேறாது. காசான் இலையைச் சாயவேரோடு சேர்த்துத்தான் இந்தக் கரையில் பருத்தித் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள். தறியை நம்பி வாழும் நம் காஞ்சிபுரம் வட்டாரம் இதை மறக்கலாகாது.

காட்டில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. மிஞ்சியதில் ஒரு பகுதி கோயில் காடுகளில் இருக்கிறது. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில், கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி வீரையும் காசானும் இன்றும் நிற்கின்றன. சாமி மரத்தில் கைவைக்கக் கூடாது என்ற பயம்தான் அவற்றைக் காத்தது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன்.

சரி, முதலில் சொன்ன பெரணி? அதைத் தேடி மலையேற வேண்டாம். தென்னேரி போன்ற ஏரிகளின் ஓரச் சேற்றிலும் நெல்வயலிலும் முளைக்கும் ஆரைக்கீரை பெரணி இனம்தான். பூக்காது, விதையும் கிடையாது. ஒரு காம்பின் நுனியில் நாலு இலை; இரவானால் மடிந்துகொள்ளும். தளிரைக் கவனியுங்கள், பெரும்பாலான பெரணிகளைப் போலச் சுருண்டபடிதான் வெளிவரும். காம்பின் அடியில் பயறு மாதிரி கெட்டியான சிறு உறைகள் இருக்கும். ஏரி வற்றி மண் வெடித்தாலும் அவற்றுக்குள் வித்துத்தூள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் பட்டதும் உறை பிளந்து, பசை போன்ற இழை நீண்டு, வித்துத்தூளை வெளியே விடும்.

மிஞ்சிய காடு நிலைக்க வேண்டுமானால், ஊர்க் கோயிலைப் புதுப்பிக்கும்போது சுற்றியுள்ள மண்ணைச் சிமென்ட் போட்டு மூடாதீர்கள். பழைய மரத்தடியில் தானாக முளைத்த கன்றைக் களை என்று பிடுங்காதீர்கள். புதிதாக நடுவதென்றால் அலங்கார மரங்களை விட்டுவிட்டு, ஒரு வீரையும் ஒரு காசானும் நடுங்கள்.