லாரி இன்ஜினுக்கும் வடிகட்டி வேண்டும்



திருவனந்தபுரத்தில் சாலை என்றொரு பெரிய கடைத்தெரு உண்டு. தமிழ்நாட்டுக் காய்கறி லாரிகள் அங்கே வருகின்றன. பாப்பனங்கோட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெரிய பணிமனையும் இருக்கிறது. அங்கே 1938-இல் அரசு பஸ் ஓடத் தொடங்கியபோதே டீசல் இன்ஜின்தான். பஸ்ஸோ, லாரியோ, டீசல் இன்ஜினைத் தேய்ப்பது ஆயிலில் கலந்த அழுக்கு.

டீசல் எரிந்தால் கரி உண்டாகும். இரும்புப் பொடியும் ரோட்டுப் புழுதியும் சேரும். டீயை வடிகட்டுகிறோமே, அதுபோல ஆயிலை வடிகட்டுவது ஆயில் ஃபில்டர்.

பெரிய தூசியை அது பிடித்துவிடும். தலைமுடிக் கனத்தில் பத்தில் ஒரு பங்கே உள்ள பொடி நழுவிவிடும். பேரிங்கை உப்புத்தாள் போலத் தேய்ப்பது அந்தப் பொடிதான்! அதனால் சில லாரிகளில் 'பைபாஸ் ஃபில்டர்' என்று இரண்டாவது ஒன்று வைக்கிறார்கள். அது ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, நுண்பொடியையும் பிடிக்கும்.

ஃபில்டர் அடைத்துக்கொண்டால்? ஒரு வால்வு திறக்கும். ஆயில் இல்லாமல் இன்ஜின் பிடித்துவிடக் கூடாது என்று வைத்த வழி அது. ஆனால் அழுக்கு ஆயில் அப்படியே போகும். வண்டி ஓடும். டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. 'இன்னும் ஒரு டிரிப் போகட்டும்' என்பார் முதலாளி. பிறகு இன்ஜினை இறக்க வேண்டும். வண்டி நின்றால் கூலியும் நிற்கும்.

டீசல் வண்டியில் புது ஆயிலும் சீக்கிரம் கறுக்கும். நிறத்தைப் பார்க்காதீர்கள், கிலோமீட்டரைப் பாருங்கள். ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் மாற்றுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் நீங்களே ஒரு சீட்டில் எழுதி, வண்டிக்குள் ஒட்டுங்கள்.