உப்பளத்துக் கலங்கரை விளக்கம்



இரவில் கடலிலிருந்து கரையை நோக்குபவனுக்கு ஊர் தெரியாது. இருளும் அதனிடையே சிற்சில வெளிச்சங்களுமே தெரியும். அவற்றுள் தன் ஊர் எது என்று அறியாமல் படகைத் திருப்பினால், மணல் திட்டிலோ அலையிலோ அகப்பட்டு உயிரிழக்க நேரிடும். அவ்வாபத்தைத் தடுக்கவே கலங்கரை விளக்கம் ஏற்பட்டது.

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. முற்காலத்தில் கப்பல்கள் கரைக்கப்பால் நங்கூரமிட்டு நிற்கும். சரக்குகளைச் சலங்குகளில் ஏற்றி, அலைகளைக் கடந்து கரை சேர்ப்பார்கள். பிரெஞ்சு ஆட்சியில் அங்கே கட்டப்பெற்ற 27 மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கம் 1836-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி முதன்முதல் ஏற்றப்பட்டது. 1979-ஆம் ஆண்டில், உப்பளத்தை அடுத்த கடலோரத்தில் எழுந்த 48 மீட்டர் உயரமுள்ள புதிய விளக்கம் அவ்வேலையை ஏற்றுக்கொண்டது. பழையது கடற்கரைச் சாலையில் இன்றும் நிற்கிறது.

இவ்வளவு உயரம் எதற்கெனில், பூமி உருண்டையானது; தாழ்ந்த தீபம் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். நீர்மட்டத்தை ஒட்டிய கண்ணுக்கு, 27 மீட்டர் உயரத்திலுள்ள ஒளி சுமார் 19 கிலோமீட்டர் வரையிலும், 48 மீட்டர் உயரத்திலுள்ளது சுமார் 25 கிலோமீட்டர் வரையிலும் எட்டக்கூடும்.

உயரம் மட்டும் போதாது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் இத்தனை விநாடிக்கு இத்தனை முறை மின்னுவது என்ற தனி முறை உண்டு. மாலுமி அதை எண்ணிப் பார்த்து, ஏட்டிலுள்ள குறிப்போடு ஒப்பிட்டு, எவ்வூர் விளக்கு என நிச்சயிக்கிறான். ஆகையால் முறை தவறி மின்னும் விளக்கு, அணைந்த விளக்கைவிடக் கெடுதலானது. அது மாலுமியை வேறோர் ஊர் என நம்பச் செய்யும். இக்காலத்தில் வானத்துச் செயற்கைக் கோள்களைக் கொண்டு இடமறியும் கருவிகள் படகுகளிலும் உள்ளன. எனினும் மின்கலம் ஓய்ந்தால் கருவி ஓயும்; கரையிலுள்ள விளக்கோ எரிந்துகொண்டிருக்கும்.

இதற்காகும் செலவு எவருடையது? இந்தியாவில் 1927-ஆம் ஆண்டுச் சட்டம் கப்பல்களிடம் விளக்குக் கட்டணம் வசூலிக்க வகை செய்தது. 50 டன்னுக்குக் குறைந்தவற்றுக்கு விலக்களித்தது. 2021-ஆம் ஆண்டில் புதிய சட்டம் அதனிடத்தில் வந்தது. பெரிய கப்பல் கட்டிய பணத்தால் எரிந்த விளக்கு, கட்டணமே கட்டாத கட்டுமரத்துக்கும் வழி காட்டிற்று. ஒளியைப் பங்கிட்டு ஒருவருக்கு மறைக்க இயலாது.

அங்கத்தினர்களே, சங்கமும் இத்தகையதே. பலர் சேர்த்த பங்குத்தொகையால் நடப்பது அது. எளியவனுக்கே அதன் உதவி மிகவும் வேண்டும். தவணை தவறாமையும், கணக்கை உரிய நாளில் முடித்துப் படித்துக் காட்டுவதுமே அதன் மின்னும் முறை. அம்முறை ஒரு மாதம் பிசகினாலும் அதை நம்பியவன் வழி தவறுவான். உப்பளத்து விளக்கு இரவுதோறும் ஒரே முறையில் மின்னுவதால்தான், கடலிலுள்ளவன் அதை நம்பித் தன் படகைத் திருப்புகிறான்.