பரிசு மொழியைக் காக்குமா?



அறிவியலுக்கும் இலக்கியத்துக்கும் உலகில் வழங்கப்பெறும் பரிசுகளுள் நோபல் பரிசே தலையாயதெனப் போற்றப்படுகின்றது. சுவீடன் நாட்டு ஆல்பிரெடு நோபல் 1895-இல் எழுதிவைத்த விருப்பாவணத்தின்படி, 1901 முதல் அது வழங்கப்பெற்று வருகின்றது. அப்பரிசு பெற்ற அறிஞர் பலரைத் தமிழர் அறிவர். ஆனால், அப்பரிசால் பெருமையுற்ற ஒரு மொழி பின்னர் என்ன ஆயிற்று என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

பிரான்சு நாட்டின் தென்கிழக்கே புரோவான்சு என்றொரு நிலம் உண்டு. அதன் மொழி புரோவான்சால். பிரஞ்சினின்றும் வேறான, பழைமையும் பாவளமும் மிக்க மொழி அது. எனினும், ஆட்சியும் பள்ளியும் பிரஞ்சின் கைப்பட்டன. தாய்மொழி பேசிய சிறுவனிடம் ஆசிரியர் இழிவுக்குறியாக ஒரு பொருளைக் கொடுப்பார். அவன் தன்போற் பேசும் மற்றொரு சிறுவனைக் காட்டிக்கொடுத்தே அதனைக் கைமாற்ற வேண்டும். தாய்மொழியை நாணச் செய்வதற்கு இதனினும் கொடிய வழி உண்டோ?

அந்நிலத்தில், மாய்யான் என்னும் சிற்றூரில், 1830-இல் வேளாண் குடியிற் பிறந்தவர் பிரெடெரிக் மிசுத்திரால். அவர் 1851-இல் சட்டக் கல்வியை முடித்தார். ஆயினும் வழக்குமன்றம் புகாது ஊருக்கே மீண்டு, தம் மொழிக்கே தம்மை ஈந்தார். 1854-இல் பாவலர் எழுவர் கூடி மொழிமீட்புக் கழகம் ஒன்றைக் கண்டனர். அவருள் இவரும் ஒருவர். 1859-இல் 'மிரேயோ' என்னும் பாவியத்தை வெளியிட்டார். உழவரும் மீனவரும் கூடைமுடைவோரும் வழங்கிய சொற்களைத் திரட்டி, இருபெருந் தொகுதிகளாக அகரமுதலி ஒன்றை 1878 முதல் 1886 வரை வெளியிட்டார். 1891-இல் தம் மொழியிலேயே, திங்கள் மும்முறை வரும் இதழ் ஒன்றைத் தொடங்கினார். பூண்டும் ஒலிவ நெய்யும் சேர்த்தரைக்கும் அந்நாட்டுத் துவையலின் பெயரையே அவ்விதழுக்கு இட்டார்! ஆக, கலை, புலமை, இதழியல் ஆகிய மூன்றும் ஒருவரிடத்தே ஒருங்கமைந்தன.

1904-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. இசுப்பானிய நாடக ஆசிரியர் எச்செகரையுடன் அதனை அவர் பகிர்ந்துகொண்டார். அவருடைய பாத்திறத்தோடு மொழியாராய்ச்சியையும் பரிசுக்குழு எடுத்துப் போற்றிற்று. அன்று எந்த அரசுக்கும் ஆட்சிமொழியாக இல்லாத ஒரு மொழிக்குக் கிடைத்த மதிப்பு அது! பரிசுப் பணத்தை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. ஆர்ல் நகரில் தாம் நிறுவிய புரோவான்சு வாழ்வியல் அருங்காட்சியகத்துக்கே செலவிட்டார். 1909-இல் அது புதுமனை புகுந்தது, இன்றும் நிற்கின்றது.

அருங்காட்சியகம் நிற்கின்றது, மொழியோ நிற்கவில்லை. 1881, 1882-ஆம் ஆண்டுச் சட்டங்கள் கல்வியை இலவயமும் கட்டாயமும் ஆக்கின. அக்கல்வியோ முற்றும் பிரஞ்சிலேயே நடந்தது. 1951-இல்தான் வட்டார மொழிகளை விரும்பினாற் கற்பிக்கலாமென ஒரு சட்டம் இசைந்தது. அதற்குள் பெற்றோர் தம் மக்களிடம் பிரஞ்சே பேசத் தலைப்பட்டுவிட்டனர். 2010-இல் உலக நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு வெளியிட்ட மொழிப்படத் தொகுப்பு, புரோவான்சாலைக் கடும் இடருற்ற மொழிகளுள் ஒன்றாக வைத்தது. பாட்டனும் பாட்டியும் பேசுவர். பெற்றோர்க்கு விளங்கினும் தம் மக்களிடம் பேசார் என்பதே அந்நிலையின் பொருள்.

மிசுத்திரால் எதிற் குறைவைத்தார்? பாவியம் தந்தார், அகரமுதலி தந்தார், இதழ் தந்தார், பரிசும் பெற்றுத் தந்தார். அவரால் தரவியலாதது பள்ளி ஒன்றே. அவ்வொன்று இன்மையால் ஏனைய யாவும் பேழைக்குள் அடங்கின.

தமிழர் இங்கே தம்மை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழுக்கும் மொழிஞாயிறு பாவாணர் இருந்தார். சொற்பிறப்பியல் அகரமுதலிக்கு வழிவகுத்தார். 2004-இல் செம்மொழி என்னும் ஏற்பும் கிடைத்தது. தமிழ்க் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. அது தமிழை ஒரு பாடமாக்கிற்றேயன்றிப் பயிற்றுமொழியாக்கவில்லை. செம்மொழி விழாவுக்குச் சென்று கைதட்டியவர், மறுநாள் தம் பிள்ளையை ஆங்கில வழிப் பள்ளியில் விடுகின்றார். வீட்டில் அப்பிள்ளை 'மம்மி' என்றழைத்தால் மகிழ்கின்றார். புரோவான்சில் இழிவுக்குறியைக் கொடுத்தவர் ஆசிரியர். இங்கே அதனைக் கொடுப்பவர் பெற்றோர்.

பரிசு வேண்டாவென்பதன்று. தகுதிக்கு மதிப்பு வரின் ஏற்கலாம். ஆனால், மொழிக்கு உயிர் சுடாக்கோமில் இல்லை, தில்லியிலும் இல்லை. அது பிள்ளையின் நாவில் இருக்கின்றது. அங்கே அதனைக் காப்போம்.

வெல்க தமிழ்!