சிற்றாறு சேரும் கடலில்

குற்றாலத்து அருவிகளில் விழுந்து, தென்காசியைத் தொட்டுக்கொண்டு ஓடும் சிற்றாற்றின் ஜலம், தாமிரபரணியோடு கலந்து புன்னக்காயலருகே சங்கமமாகும் மன்னார் வளைகுடாவில், பவளப்பாறைகளின் அடிப்புறத்தில், விரல் நீளங்கூட இல்லாத, ஓடற்ற கடல்நத்தைகள் பல வசிக்கின்றன. அவற்றை இனங்காண விரும்புவோர் முதலில் நோக்கவேண்டியவை, வாசனையை உணரும் தலைக்கொம்புகள் இரண்டும், பல இனங்களில் முதுகின் பின்புறத்தே பூங்கொத்தாய் விரிந்து, தீண்டியவுடன் உள்ளே ஒடுங்கிவிடும் செவுள்களுமேயாம். தாம் உண்ணும் கடற்பஞ்சின் விஷத்தையே தேகத்தில் சேமித்து, மீன்களை எச்சரிக்கவே பல இனங்கள் இத்தனை பிரகாசமான வர்ணங்களைத் தரித்திருப்பதால், எந்தப் பஞ்சின்மேல் கண்டோம் என்பதும் ஓர் அடையாளமே.

சாராயத்தில் இட்டுவைத்தாலோ அந்த வர்ணம் வெளுத்துவிடும். இதனாலன்றோ, சென்னை ராஜதானியில் உத்தியோகம் வகித்த வால்டர் எலியட், வால்டேர் கடற்கரையில் சேகரித்தவற்றை, உயிரோடிருக்கையிலேயே நம் நாட்டுச் சித்திரக்காரரைக் கொண்டு எழுதுவித்தார்! அச்சித்திரங்களின் துணையோடு ஆல்டர், ஹான்காக் என்னும் இரு அறிஞர்கள் 1864-இல் பல புதிய இனங்களை இங்கிலாந்தில் பிரசுரித்தனர். விஞ்ஞானிகளின் எழுத்துக்கு நிகராக அந்தத் தூரிகையையும் நான் மதிக்கிறேன்.