வெயிலும் காளையின் எடையும்

மெலிந்த காளைகளை வாங்கி, கொட்டகையில் கட்டித் தீனி போட்டு, சில மாதம் கழித்து இறைச்சிக்கு விற்பவர்கள் அடிக்கடி ஒரு குறை சொல்வதுண்டு. "செம்பனைப் புண்ணாக்கை ஒரு நாளும் குறைக்கவில்லை; ஆனாலும் தராசில் எடை ஏறவில்லையே!" எடை ஏறாத ஒவ்வொரு நாளும் தீவனச் செலவு கைநட்டம்தான். உடனே புண்ணாக்கின் மேல் பழி போடுகிறோம். வெயிலை யாரும் நினைப்பதில்லை.

மாட்டின் முதல் இரைப்பை ஓர் அடுப்பு. அங்கே தீனி புளித்துச் செரிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. தின்று ஏறக்குறைய 4 முதல் 6 மணி நேரத்தில் அந்த வெப்பம் உச்சத்தை எட்டும். காலை 8 மணிக்கு வயிறு நிறையத் தீனி வைத்தால் என்ன ஆகும்? உச்சி வெயிலும் வயிற்று அடுப்பும் ஒரே வேளையில் எரியும். மாடு மூச்சிரைக்கும்; தீனியைத் தானே குறைத்துக்கொள்ளும். இரைப்பதற்கும் சக்தி செலவாகிறது. பிறகு சதை எப்படிப் பிடிக்கும்?

கனடா போன்ற குளிர்நாடுகளில் கதை வேறு. பனிக்காலத்தில் மாடு அதிகம் தின்னும். தின்றதில் ஒரு பங்கு உடம்பைச் சூடாக வைத்திருக்கவே போய்விடும். அடர்ந்த ரோமம் உலர்ந்திருந்தால் உறைநிலைக்குக் கீழே 8 பாகை வரை தாங்கும். அதே ரோமம் நனைந்துவிட்டால் 15 பாகையிலேயே குளிர் தாக்கிவிடும்.

நம் மலேசியாவில் பனி இல்லை, ஈரக்காற்றுதான் தொல்லை. பகலில் 32, 33 பாகை. வியர்வை எளிதில் உலராததால் உடம்பு தணிவதில்லை. கெடா-கிளந்தான் மாடு உருவத்தில் சிறியது என்று ஏளனம் செய்கிறோம்; இந்த வெக்கையைத் தாங்குவதில் அது கெட்டிக்காரன். அமெரிக்காவில் உருவான பிராமன் இனமும் வெப்பம் தாங்கும். அதன் முன்னோர் இந்தியாவிலிருந்து போன திமில் மாடுகள்தாமே! ஐரோப்பிய இனங்கள்தாம் முதலில் வாடும்.

ஆகவே, தீனியில் பெரும்பங்கை மாலை வெயில் தாழ்ந்தபின் வையுங்கள். காலையில் கொஞ்சம் போதும். தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கட்டும், எந்நேரமும் நிறைந்திருக்கட்டும். தகரக் கூரையானால் உயர்த்திப் போடுங்கள்; தாழ்ந்த தகரம் மாட்டின் முதுகையே சுடும். வடகிழக்குப் பருவமழையின்போது கிழக்குக்கரை நண்பர்கள் கொட்டகைத் தரையைக் கவனிக்க வேண்டும். சேற்றில் நிற்கும் மாடு படுக்காது. படுத்து அசைபோடாத மாடு தேறாது.

பலன் தெரிய எடை போடுவீர்கள் அல்லவா? எப்போதும் காலையில், தீனி வைக்குமுன் போடுங்கள். தின்று குடித்த வயிறு பல கிலோ பொய் சொல்லும்.