கூரைமேற் சூரியன்: வரவும் செலவும்



பௌதிகம் பயிலும் நம்மிடம் ஊரார் கேட்பது ஒன்றே: “தம்பி, சூரியப் படல் போட்டால் மிஞ்சுமா?”

சூரியன் கூலி கேட்பதில்லை. அவனைக் கூரைக்கு அழைத்துவரும் செலவோ சிறிதன்று. படல்கள் ஏறத்தாழ 25 ஆண்டு உழைக்கும். நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும் இன்வேட்டரைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாற்ற நேரிடும். விற்க வருவோர் இதனை மெல்லத்தான் சொல்வர்!

கணக்கைப் பார்ப்போம். இந்நாட்டு வெயிலில் 1 கிலோவாற்றுப் படல் மாதம் சுமார் 100 முதல் 120 அலகு தரும். 2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தில், மிகுந்த மின்னுக்கு முதல் 7 ஆண்டுகள் அலகுக்கு 22 ரூபாவும், பின்னர் 15 ரூபா 50 சதமும் என வகுத்தனர். 500 அலகு விற்ற வீட்டுக்கு 11,000 ரூபா வந்தது; எட்டாம் ஆண்டில் அதுவே 7,750 ரூபா. வங்கித் தவணையோ அவ்வாறு இறங்குவதில்லை. கடனோடு படல் வாங்கிய குடும்பங்கள் இடர்ப்படும் இடம் இதுவே.

பற்றரியில்லாத இணைப்பு, ஊரில் மின் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்வோரின் உயிர்க்காவலுக்காகவே அந்த ஏற்பாடு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தமையால், கூரைப் படல்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. அப்பகல்களின் வரவும் போயிற்று.

மாதம் 40, 50 அலகோடு அமையும் சிறுவீட்டுக்கு இதனால் ஆவது சொற்பம். பெருங்கட்டணம் கட்டுவோர்க்கே முதல் விரைவில் மீளும். ஆகவே, கையொப்பமிடுமுன் 12 மாத மின்பட்டியல்களை அடுக்கிப் பாருங்கள். தென்னை நிழல் எம்மணிக்குக் கூரையில் விழுகிறதென்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படலில் நிழல் விழுந்தால் அவ்வரிசை முழுவதுமே சோரக்கூடும்.