முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் சேரும் வழி

தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012 முதல் அதனிடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைபெற்று வருகிறது. 2018-இல் நடுவண் அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இதனுடன் இணைக்கப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு. அதற்கான பிரீமியத்தை அரசே செலுத்துகிறது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் இதில் சேரலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே விவரங்கள் சரிபார்க்கப்பட்டுப் பதிவு செய்யப்படும்.

சிகிச்சை தேவைப்படும்போது, திட்டத்தில் இணைந்த அரசு அல்லது தனியார் மருத்துவமனையில் காப்பீட்டு அட்டையைக் காட்ட வேண்டும். மருத்துவமனை, சிகிச்சைக்கு முன்அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும். அனுமதி கிடைத்தபின், அங்கீகரிக்கப்பட்ட தொகை நேரடியாக மருத்துவமனைக்கே சேரும். இருதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை, டயாலிசிஸ் போன்ற பெருஞ்செலவுகள் இதில் அடங்கும். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டுமே இந்தக் காப்பீடு பொருந்தும். சாதாரணக் காய்ச்சலுக்கு வெளிநோயாளியாகப் பெறும் மருத்துவம் இதில் சேராது.

ஐயங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். நோய் வந்தபின் அலைவதைவிட, நலமாக இருக்கும்போதே பதிவு செய்துகொள்வதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு.